இடிக்கத் தெரிந்தவன்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவுகள் நாங்கள் ஆறு பேர் ஒரு நண்பனின் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் கதை சொல்வார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்போம். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று அம்மா சொல்வார். அப்படியே இருக்கட்டும்.

போன வருடக் கடைசியில் புதுக் கதை தொடங்கினோம். ஒருத்தி மந்திரவாதி, இரண்டு பேர் வாள்வீரர்கள், ஒருவன் திருடன். என் முறை வந்தபோது நான் ராணுவப் பொறியாளர் என்றேன்.

"அவன் என்னடா செய்வான்?"

"கோட்டை கட்டுவான். பாலம் போடுவான். எல்லாரும் வாளைத் தூக்கிட்டு ஓடினா, கதவை யாரு திறக்கிறது?"

டன்ஜன் மாஸ்டர் சிரித்தான். "சரி, ரெண்டு பக்கத்துக்குப் பின்னணி எழுதிட்டு வா. எங்க பொறந்தான், யாருகிட்ட வேலை கத்துக்கிட்டான், எதை நினைச்சா அவனுக்குத் தூக்கம் வராது, எல்லாம் வேணும்."

விதிநூலைப் புரட்டினேன். எங்களிடம் இருப்பது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் 'சோல்ஜர்' பின்னணிக்கு எட்டு வகை வேலைகள் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி, ஒற்றன், காலாள், குதிரைப்படை, வைத்தியர், கொடி பிடிப்பவர் என்று போகும் பட்டியலில் சமையல்காரருக்குக்கூட இடம் இருக்கிறது. பொறியாளர் இல்லை. அப்போ நாமே செய்துகொள்ள வேண்டியதுதான் என்று உண்மையான ஓர் ஆளைத் தேடிப் போனேன். அந்த இரண்டு பக்கம் ஒழுங்காக முடியவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரை வந்தது.

*

முதலில் சொல்லிலிருந்து தொடங்கினேன். தமிழில் 'பொறி' என்றால் எந்திரம். எலிப்பொறி என்று சொல்லும்போது அதுவே சிக்கவைக்கும் கருவி. சிலப்பதிகாரம் மதுரை மதிலின்மேல் இருந்த பொறிகளை வரிசையாக அடுக்குகிறது. தானே வளைந்து அம்பெய்யும் வில், கல் எறியும் கவண் என்று அந்தப் பட்டியல் நீளம். ஐரோப்பாவிலும் கதை அதேதான். 'இன்ஜினியர்' என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல் இடைக்காலத்தில் போர் எந்திரம் செய்பவரைக் குறித்தது. சாலையும் பாலமும் கட்டியவர்கள் 18ஆம் நூற்றாண்டில் தங்களை 'சிவில்' இன்ஜினியர் என்று அழைத்துக்கொண்டது, நாங்கள் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை என்று காட்டத்தான். அதாவது நான் 'ராணுவப் பொறியாளர்' என்று பாத்திரத்தாளில் எழுதியபோது ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

இந்தத் தொழிலின் பழைய கதைகளில் என்னை நிறுத்திய ஒன்று 1215ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் ஜான் மன்னர் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். பீரங்கியோ வெடிமருந்தோ அங்கே வந்து சேராத காலம். சுரங்கம் தோண்டுபவர்கள் கோட்டையின் ஒரு மூலைக்கு அடியில் மண்ணைக் குடைந்து, மேலே இருக்கும் சுவர் விழாமல் மரத்தூண்களை முட்டுக் கொடுத்தார்கள். நவம்பர் மாதம் மன்னரிடமிருந்து ஓர் ஆணை போனது: சாப்பிட லாயக்கில்லாத, நன்றாகக் கொழுத்த 40 பன்றிகளை உடனே அனுப்பு. அந்தக் கொழுப்பு தூண்களைக் கொளுத்துவதற்கு. தூண் எரிந்தது, சுரங்கம் உள்வாங்கியது, மூலை சரிந்தது. பிறகு அந்த மூலையைத் திரும்பக் கட்டியவர்கள் உருண்டையாகக் கட்டினார்கள். இன்றும் ராச்செஸ்டரில் மூன்று மூலைகள் சதுரம், ஒன்று மட்டும் வட்டம்.

இன்னொரு கதை 1453. கான்ஸ்டான்டினோப்பிளின் மதிலைத் தகர்த்த பெரும் பீரங்கியை வார்த்தவர் ஓர்பான் என்ற ஹங்கேரியர். அவர் முதலில் வேலை கேட்டுப் போனது அந்த நகரத்தின் கிறிஸ்தவப் பேரரசரிடம்தான். பேரரசரிடம் பணம் இல்லை. ஓர்பான் எதிர்ப்பக்கம் போனார், சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கேட்டதைக் கொடுத்தார். பிரான்ஸின் வோபான் வேறு மாதிரி. ஒரே அரசருக்காக, 14ஆம் லூயிக்காக, ஊர் ஊராக முற்றுகையிட்டுப் பிடித்தார். பிடித்த ஊர்களை யாரும் பிடிக்க முடியாதபடி கட்டியும் கொடுத்தார்.

விளையாட்டில் கட்டுவது ஒரு திறமை, உடைப்பது வேறொரு திறமை. பகடையில் தனித்தனி எண். இவர்களைப் படிக்கும்போது அப்படிப் பிரிக்க முடியாது என்று தெரிந்தது. சுவரின் எடை எங்கே இறங்குகிறது என்று தெரிந்தால்தான் அதை நிறுத்த முடியும். அது தெரிந்தவனுக்கு எந்த இடத்தில் குடைந்தால் விழும் என்பதும் தெரியும். தனியாகப் படிக்கத் தேவையில்லை.

ராச்செஸ்டரும் கான்ஸ்டான்டினோப்பிளும் எனக்கு ரொம்பத் தூரம். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடினால், நான்கு மணிநேர பஸ் பயணத்தில் ஒருவர் கிடைத்தார்.

*

வில்லியம் ஃபார்குவார் என்றால் சிங்கப்பூரில் பள்ளி படித்தவர்களுக்கு ராஃபிள்ஸின் பின்னால் நிற்கும் ஓர் உருவம் நினைவுக்கு வரும். 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர்கள், அவர் சீன ஓவியர்களை வைத்து வரையவைத்த 477 செடிகொடி, விலங்குப் படங்களைச் சொல்வார்கள். தேசிய அருங்காட்சியகத்தில் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் தொழிலால் என்னவாக இருந்தார் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை.

அவர் ராணுவப் பொறியாளர். 1774இல் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம் பிறந்தவர். 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, 1791இல் சென்னைக்கு வந்து இறங்கி, மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் பிரிவில் கீழ்நிலை அதிகாரியானார். நான்கே ஆண்டுகளில், 1795 ஆகஸ்டில், மலாக்காவைப் பிடிக்கப் போன படையின் தலைமைப் பொறியாளர். வயது 21.

அந்த 'பிடித்தல்' ஒரு விசித்திரமான ஏற்பாடு. பிரெஞ்சுப் படைகள் ஹாலந்தைக் கைப்பற்றியதும் அதன் ஆட்சியாளர் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். தங்கள் காலனிகள் பிரான்ஸிடம் போய்விடாமல் இருக்க, அவற்றை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி அங்கிருந்து டச்சு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். மலாக்காவில் பெரிய சண்டை நடக்கவில்லை. ஊர் கைமாறியது. ஆனால் அது சொத்து மாதிரி வந்தது இல்லை, அடகு மாதிரி வந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்தால் டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஃபார்குவார் அங்கேயே தங்கிவிட்டார். ஆந்துவானெத் கிளெமென்ட் என்ற மலாக்காப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். நோனியோ என்று அவரை அழைத்தார்கள். பிரெஞ்சுத் தந்தையும் மலாய் வழித் தாயும் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். முதல் குழந்தை 1796இல் பிறந்தது, மொத்தம் ஆறு குழந்தைகள். 1803இல் அவர் மலாக்காவின் கமாண்டன்ட். மலாய் மொழி பேசினார். ஊர்க்காரர்கள் அவரை ராஜா என்றே அழைத்தார்கள்.

என் பாத்திரத்தாளில் 'பிணைப்பு' என்ற கட்டத்தில் இதைக் குறித்துவைத்தேன்: அவன் வீடு கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

*

அந்தக் கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1511இல் மலாக்கா சுல்தானகத்தை வென்ற அல்புகெர்க்கே உடனே கட்டத் தொடங்கியது. கல் கிடைக்கவில்லை என்று பள்ளிவாசலையும் பழைய அரசர்களின் சமாதிகளையும் உடைத்துக் கல் எடுத்ததாகப் போர்த்துகீசியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். வேலை செய்தவர்களில் அடிமைகள் இருந்தார்கள். முதலில் எழுந்த கோபுரத்துக்குத்தான் அ ஃபமோசா என்று பெயர், 'புகழ்பெற்றது' என்று பொருள். பிறகு குன்றைச் சுற்றி மதிலும் கொத்தளங்களும் வளர்ந்து, முழுக் கோட்டைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

கோட்டை நன்றாகவே வேலை செய்தது. அச்சே சுல்தான்கள் திரும்பத் திரும்ப வந்து மோதினார்கள். 1629இல் வந்த பெரும்படைகூடத் தோற்றுத் திரும்பியது. 1640இல் டச்சுக்காரர்களும் ஜொகூரும் சேர்ந்து முற்றுகையிட்டபோது ஐந்து மாதத்துக்கு மேல் தாங்கியது. 1641 ஜனவரியில் ஊர் விழுந்தபோது அதற்குள் பசியும் நோயும் உள்ளே இருந்தவர்களைத் தின்று முடித்திருந்தன. டச்சுக்காரர்கள் சேதத்தைச் சரிசெய்து, வாசலில் தங்கள் கம்பெனியின் சின்னத்தைப் பதித்து, 1670 என்று ஆண்டும் வெட்டினார்கள்.

இப்படிப்பட்ட கோட்டைதான் 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களுக்கு அது தலைவலி. பினாங்கைத் துறைமுகமாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். மலாக்காவைத் திருப்பிக் கொடுத்தால், இந்த வலுவான மதிலுக்குப் பின்னால் டச்சுக்காரர்கள் உட்கார்ந்துகொண்டு போட்டிக்கு வருவார்கள். நாளைக்குச் சண்டை என்று வந்தால் அதே மதிலைத் தாங்களே முற்றுகையிட வேண்டியிருக்கும். முடிவு எளிது: இடித்துவிட்டுக் கொடு. மக்களையும் பினாங்குக்குக் கிளப்பிவிடலாம் என்றுகூடத் திட்டம் இருந்தது.

உத்தரவு வந்து சேர்ந்த இடத்தில் கமாண்டன்ட் ஒரு பொறியாளர். வேறு ஆளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

*

இடிப்பு எப்படி நடந்தது என்று எழுதிவைத்தவர் ஃபார்குவார் இல்லை, மலாக்காவில் வளர்ந்த ஒரு பையன். 1796இல் பிறந்தவன், அப்போது ஏறக்குறைய 11 வயது. பிற்காலத்தில் முன்ஷி அப்துல்லா என்று அறியப்பட்டவர். 'ஹிகாயத் அப்துல்லா' என்ற அவருடைய தன்வரலாறு 1843இல் எழுதி முடிக்கப்பட்டு, 1849இல் அச்சானது. நவீன மலாய் உரைநடை பற்றி யார் பேசினாலும் அந்த நூலிலிருந்துதான் தொடங்குவார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு அவர் முழுக்க அந்நியர் இல்லை. அவருடைய பூட்டனார் யேமனிலிருந்து வந்து நாகூரில் குடியேறிய அரபு. நாகூரில் பிறந்த பிள்ளைகளில் ஒருவர் மலாக்கா வந்து, மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அந்தப் பாட்டியின் பெயரை அப்துல்லா 'பெரி ஆச்சி' என்று எழுதுகிறார். அப்துல்லாவைச் சிறுவயதில் தமிழ் படிக்கவும் அனுப்பினார்கள். கணக்கு வழக்குக்கும் வியாபாரத்துக்கும் தமிழ் தேவை, மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம் என்று அவரே காரணம் சொல்கிறார். கோட்டை வெடித்ததைப் பார்த்த கண்களுக்குத் தமிழ் எழுத்தும் தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு ஏனோ கொஞ்சம் கிட்டத்தில் போனமாதிரி இருந்தது.

அவர் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன். கோட்டையை இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தியை ஊரில் யாரும் நம்பவில்லை. அவ்வளவு பெரியதை எப்படி இடிக்க முடியும்? கூலியாட்களை வைத்துக் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் தொடங்கினார்கள். கல் அசையவில்லை. அடித்தளத்தைத் தேடித் தோண்டினால் தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருந்தது. கோட்டையில் பேய் பிசாசுகள் குடியிருக்கின்றன என்று ஆட்கள் பயந்தார்கள். பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் செத்தார்கள், கை கால் உடைந்தவர்களும் உண்டு. கூலியை ஏற்றியும் வேலைக்கு வர ஆட்கள் தயங்கினார்கள்.

பேய் என்ற இடத்தைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக இறுகிய செம்பாறாங்கல் சுவரின் அடியில், பள்ளத்துக்குள் நின்று தோண்டுபவனுக்கு ஆபத்து எது? மேலிருந்து விழும் கல், சரியும் மண், தேங்கிய தண்ணீர், அதிலிருந்து வரும் காய்ச்சல். அந்த ஆட்கள் அதற்குப் பேய் என்று பெயர் வைத்தார்கள். வேறு எந்தப் பெயரில் சொல்லியிருந்தாலும் யாராவது வேலையை நிறுத்தியிருப்பார்களா?

கடைசியில் ஃபார்குவார் வெடிமருந்துக்குப் போனார். கோட்டையை வெடிமருந்தால் தகர்ப்பது கண்மூடித்தனமான வேலை இல்லை. மருந்தைச் சுவருக்கு வெளியே குவித்துக் கொளுத்தினால் விசை காற்றில் போய்விடும். சுவருக்கு அடியில் குழி குடைந்து, அதற்குள் மருந்துப் பீப்பாய்களை இறக்கி, வந்த வழியை மண்ணும் கல்லும் போட்டுக் கெட்டித்து அடைக்க வேண்டும். அடைப்பு சுவரைவிட வலுவாக இருந்தால்தான் விசை மேல்நோக்கிப் போய்ச் சுவரைத் தூக்கும். எவ்வளவு மருந்து, எவ்வளவு ஆழம், திரி எவ்வளவு நீளம் என்று எல்லாமே கணக்கு. அந்தக் கணக்கைத்தான் அவர் 17 வயதிலிருந்து படித்திருந்தார்.

அப்துல்லாவின் காட்சியில் ஃபார்குவார் கையில் எரியும் திரியோடு குதிரையில் வருகிறார். நான்கு பக்கமும் ஆள் அனுப்பி எல்லோரையும் விலகச் சொல்கிறார். தானே பற்றவைக்கிறார். குதிரையைத் தட்டிவிட்டுப் பறக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இடி மாதிரி ஒரு சத்தம். யானை அளவும் வீட்டளவும் இருந்த கற்பாளங்கள் மேலே எழும்பிக் கடலில் போய் விழுகின்றன. மருந்துக்கு இவ்வளவு பலம் உண்டா என்று ஊரே திகைத்து நிற்கிறது. கோட்டை போன பிறகு மலாக்காவின் முகக்களை போய்விட்டது என்று எழுதும் அப்துல்லா, அதைக் கணவனை இழந்த பெண்ணின் முகத்தோடு ஒப்பிடுகிறார்.

இவ்வளவு எழுதியவர் ஃபார்குவாரைத் திட்டவில்லை. பொறுமையானவர், ஏழை பணக்காரர் பார்க்காதவர் என்றுதான் அவரைப் பற்றிச் சொல்கிறார். நான் கதை எழுதியிருந்தால் ஒரு கெட்டவனை உருவாக்கியிருப்பேன். ஊரை வெறுப்பவன், அல்லது பணத்துக்காகச் செய்பவன், அல்லது ஓர்பான் மாதிரி சம்பளம் கொடுப்பவர் பக்கம் போகிறவன். இங்கே கிடைத்த மனிதர் ஊரை நேசித்திருக்கிறார் என்றுதான் தெரிகிறது. ஊரும் அவரை நேசித்தது. திரியைப் பற்றவைத்த கையும் அவர் கைதான். 'எதை நினைச்சா தூக்கம் வராது' என்று நண்பன் கேட்டிருந்தானே, அதற்கு ஃபார்குவாரிடமிருந்து எனக்குப் பதில் கிடைக்கவில்லை. தூக்கம் வராமல் போனது கோட்டையைக் கட்டாத, இடிக்காத, அதற்குக் கூலியும் வாங்காத அந்தப் பையனுக்கு. முப்பத்தாறு வருடம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறான்.

*

இடித்ததால் என்ன கிடைத்தது என்று பார்த்தால் இன்னும் கசக்கும். 1808இல் உடல்நலத்துக்காக மலாக்கா வந்த ராஃபிள்ஸ், இந்த ஊரைக் கைவிடக் கூடாது என்று அக்டோபரில் நீண்ட அறிக்கை எழுதினார். மக்களைக் கிளப்பும் திட்டம் நின்றது. அதற்குள் மதில் போய்விட்டிருந்தது. 1818இல் ஊர் டச்சுக்காரரிடம் திரும்பியது. 1824இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சுமத்ராவின் பெங்கூலனைக் கொடுத்துவிட்டு ஆங்கிலேயர்கள் மலாக்காவை வாங்கிக்கொண்டார்கள். இடித்து 17 வருடத்தில், இடித்தவர்களிடமே ஊர் வந்து சேர்ந்தது. மதில் இல்லாத ஊர்.

மிச்சம் ஒரே வாசல், போர்ட்டா டி சந்தியாகோ. இதை எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பொம்மைகள் கட்டிய திரிஷாக்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. வாசலுக்குள் ஒருவர் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தார். 1670 என்ற எண் மேலே தெரிகிறது. வாசலின் இரண்டு பக்கமும் சுவர் இல்லாததால் அதன் வழியாகப் போகலாம், சுற்றிக்கொண்டும் போகலாம். என்னோடு வந்த மந்திரவாதி (விளையாட்டில்தான், பகலில் கணக்காளர்) சுற்றிப் போய் மறுபக்கம் நின்று கையாட்டினாள். "பாரு, நான் உன் கோட்டையைப் பிடிச்சிட்டேன்."

ஆற்றோரம் கொஞ்சம் நடந்தால் மிடில்பர்க் கொத்தளம். 2006இல் சுழலும் கோபுரம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டும்போது பழைய கல்வரிசை வெளியே வந்தது. கோபுரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, இங்கே கொத்தளத்தைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இப்போது பார்ப்பதில் பெரும்பகுதி புதிது. ஆனால் அடியில் இருப்பது பழையது. அடித்தளம் போய்க்கொண்டே இருந்தது என்று அந்தக் கூலியாட்கள் சொன்னது பொய்யில்லை.

*

சிங்கப்பூருக்குத் திரும்பியதும் கதை முடியவில்லை. அப்துல்லாவின் அதே நூலில் இன்னொரு கல் வருகிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்கும் பக்கத்தில், ஆள் உயரத்தைத் தாண்டிய பாறை ஒன்று நின்றது. அதில் ஏறக்குறைய 50 வரி எழுத்து. 1819இல் கண்ணில் பட்டதிலிருந்து ஆளாளுக்குப் படிக்க முயன்றார்கள், யாராலும் முடியவில்லை. 1843இல் கோட்டை விரிவாக்கத்துக்கு இடம் வேண்டும் என்று பொறுப்பிலிருந்த பொறியாளர் அதை வெடிவைத்துத் தகர்த்தார். அப்துல்லா அந்த ஆளாகக் கோல்மேனைச் சொல்கிறார். பிற்கால நூல்கள் கேப்டன் ஸ்டீவன்சன் என்கின்றன. தனக்கு அருமை தெரியாத ஒன்றை, திரும்பச் செய்ய முடியாத ஒன்றை, இப்படி அழித்துவிட்டார்களே என்று அப்துல்லா வருந்தி எழுதுகிறார். மலாக்கா வெடிப்பில் திகைத்து நின்ற பையன், இந்தக் கல்லில் வாயைத் திறந்து தப்பு என்று சொல்லிவிடுகிறார்.

தப்பிய ஒரு துண்டு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தெரியும் சில எழுத்துகள் சோழ மன்னர்களின் 'பரகேசரிவர்மன்' பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர் இயன் சின்கிளேர் ஓர் ஊகத்தை முன்வைத்தார். ஊகம்தான். மற்ற வரிகள் இருந்தால் சரிபார்க்கலாம். இல்லையே.

அந்த அருங்காட்சியகத்துக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் மூன்றாவது பொறியாளரின் கதை. 1857 இந்தியக் கிளர்ச்சிக்குப் பிறகு சிங்கப்பூரில் இருந்த ஐரோப்பியர்களுக்கும் பயம் வந்தது. மெட்ராஸ் இன்ஜினியர்ஸைச் சேர்ந்த கேப்டன் கோலியர் அனுப்பப்பட்டார். 1859 முதல் 1861 வரை குன்றின் உச்சியை வெட்டிச் சமன்செய்து கோட்டை கட்டினார். ஃபோர்ட் கேனிங். கடலைப் பார்த்து 68 பவுண்டு குண்டு வீசும் ஏழு பீரங்கிகள். அவை கடலில் வரும் கப்பலைத் தடுக்கும் தூரத்தில் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. நடுவே ஊர் வேறு. ஆகவே பீரங்கிகள் நேரம் அறிவிக்கவும் எங்காவது தீப்பிடித்தால் எச்சரிக்கவும் வெடித்தன. 1907இல் கோட்டையை இடித்தார்கள், பிறகு அங்கே நீர்த்தேக்கம் வந்தது. 1928இல் அதற்குத் தோண்டிய தொழிலாளர்கள் கையில் 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் அகப்பட்டன. கோட்டைக்காக மேலே வெட்டித் தள்ளிய மண்ணோடு என்னென்ன போயிற்றோ.

கோலியரின் பெயர் நிலைத்தது வேறொன்றில். கடலோரத்தில் அவர் திட்டமிட்ட கரைச்சுவர், கைதிகளின் உழைப்பில் எழுந்து 1864இல் முடிந்தது. அன்று சிங்கப்பூரில் கைதிகள் என்றால் சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் கப்பலேற்றப்பட்ட இந்தியர்கள். அந்த இடம் இன்று கோலியர் கீ. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அதைக் கடந்து போகிறார்கள். கல் சுமந்தவர்கள் பெயரில் அங்கே தெரு இல்லை.

ஃபோர்ட் கேனிங்கிலும் ஒரு வாசல் மிஞ்சியிருக்கிறது. மலாக்காவில் ஒன்று, இங்கே ஒன்று. இரண்டையும் சுற்றிக்கொண்டு போகலாம்.

*

பின்னணியைக் கடைசியில் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பெயர், ஊர், குரு, ஆயுதம் எல்லாம் போட்டேன். 'பிணைப்பு' கட்டத்தில் அவன் கட்டாத, ஆனால் 12 வருடம் குடியிருந்த ஒரு கோட்டை. 'குறை' கட்டத்தில் ஒரு வரி: உத்தரவு வந்தால் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான்.

டன்ஜன் மாஸ்டர் படித்துவிட்டு, "இவனுக்கு எதிரி யாருமே இல்லையே?" என்றான்.

"இல்ல."

"அப்ப கதை எப்படிடா நகரும்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மாற்றவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை எங்கள் கூட்டம் ஒரு மதிலுக்கு முன்னால் வந்து நின்றது. மழை, இருட்டு, எங்கள் வண்டியில் ஆறு பீப்பாய் வெடிமருந்து. வாள்வீரர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பகடையைக் கையில் எடுத்துவிட்டேன். 14க்கு மேல் விழுந்தால் போதும், சுவர் சரிந்துவிடும்.

"உள்ள யாரு இருக்காங்க?" என்று கேட்டேன்.

டன்ஜன் மாஸ்டர் தாள்களைப் புரட்டினான். அவன் அதை எழுதியிருக்கவில்லை. "காவலாளிங்க."

"அவங்க மட்டுமா? பக்கத்துல வீடு இருக்கா? குழியை யாரு தோண்டுறது, நாமளா, ஆள் பிடிக்கணுமா?"

"டேய், சும்மா பகடையை உருட்டுடா. மணி பன்னெண்டு ஆகுது."

அந்த இரவு உருட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து அவன் மதிலுக்கு உள்ளே ஒரு ஊரை எழுதிக்கொண்டு வந்தான். நாற்பது வீடு, ஒரு சந்தை, ஒரு கிணறு. மதில்மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பையனும் அதில் இருந்தான். அவனைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை.